சுடலாமா, வைக்கலாமா? பழைய பிஸ்டலுக்கு ஒரு இன்ஜினியரிங் பதில்

தலைப்பைப் பார்த்துப் பயந்துடாதீங்க, யாரையும் சுடப் போறதில்லை. பரண்லயோ டிரங்குப் பெட்டியிலயோ பழைய துணியில சுத்தி வெச்சிருக்கிற ஒரு பிஸ்டலைப் பத்தின கேள்வி இது. உலகப்போர் காலத்துது. பட்டாளத்துல இருந்த கொள்ளுத்தாத்தா லைசென்ஸோட வெச்சிருந்தார், தாத்தா அதைப் புதுப்பிச்சுக்கிட்டே வந்தார், இப்ப அது உங்க தலைமுறைக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. ரைஃபிள் கிளப் ரேஞ்சுக்குக் கொண்டு போய் நாலு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாமா? இல்லை, எண்ணெய் போட்டு அப்படியே பாதுகாக்கலாமா?

பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க நடுவுல இது தீராத சண்டை. ஒரு கட்சி, "சுடுறதுக்குன்னு செஞ்ச பொருள், சுடாம வெச்சா வெறும் இரும்புத் துண்டு" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் தேயும், தேஞ்சது திரும்ப வராது" என்று சொல்லும். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். அப்போ எப்படி முடிவெடுக்கிறது?

சங்கரன்கோவில்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். எங்க தென்காசி மாவட்டத்துல இருக்கிற செங்கோட்டைதான் வாஞ்சிநாதனுக்குச் சொந்த ஊர். 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்துல கலெக்டர் ஆஷை அவர் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கி பிஸ்டலால். அடுத்த சில நிமிஷத்துல அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கிட்டார். ஒரு சின்ன இரும்புப் பொருள் எவ்வளவு பெரிய வரலாற்றைத் தாங்கும்னு எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்னாடியே தெரியும்.

ஒரே மனுஷன், நாலு பிஸ்டல்

பிரௌனிங் என்பது ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் பெயர். அவர் வடிவமைப்பை பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனியும் அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியும் செய்து விற்றன. வாஞ்சியின் கையில் இருந்தது இவர் வடிவமைப்பு. 1914 ஜூன் 28-ல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைக் கொன்று, முதல் உலகப்போருக்குத் திரி கொளுத்திய எஃப்.என். மாடல் 1910-ம் இவர் வடிவமைப்பு. 1928 டிசம்பர் 17-ல் லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரியைச் சுட பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட்டும், 1931 பிப்ரவரி 27-ல் அலகாபாத் ஆல்ஃபிரட் பூங்காவில் சந்திரசேகர ஆசாத் கடைசியாகப் பிடித்திருந்த கோல்ட்டும் அதே ஆள் போட்ட டிசைன்தான்.

.32 கோல்ட் ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. 1903-ல் வந்த அந்த மாடல் சுமார் நாற்பது வருஷத்துல 5 லட்சத்துக்கு மேல தயாரானது. அப்படின்னா பகத்சிங்கின் பிஸ்டலை மத்த 5 லட்சத்திலிருந்து எது பிரிச்சுக் காட்டுது? அதன் வரிசை எண்ணும், அந்த எண்ணைக் கோர்ட் ஆவணத்தோட இணைக்கிற காகிதமும்தான்.

பெயின்ட்டுக்கு அடியில் இருந்த எண்

சாண்டர்ஸ் வழக்குச் சான்றாக இருந்த அந்த பிஸ்டல், சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாப் போலீஸ் வசம் இருந்து, 1969-ல் மத்தியப் பிரதேசம் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. அங்கே நிறைய பழைய துப்பாக்கிகளோடு துப்பாக்கியாகக் கிடந்தது. துருப்பிடிக்காம இருக்க மேலே பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க. அது யாருடையதுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. 2016-ல் ஒரு பத்திரிகையாளரின் தேடலுக்குப் பிறகு பெயின்ட்டை எடுத்துப் பார்த்தபோது 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணத்தில் இருந்ததும் அதே எண். 2017-ல் அது பஞ்சாப் ஹுசைனிவாலா அருங்காட்சியகத்துக்கு வந்தது. பகத்சிங்கின் உடல் எரியூட்டப்பட்ட ஊர் அது.

இதை ஒரு இன்ஜினியராக யோசிச்சுப் பாருங்க. பெயின்ட் அடிச்சவர் செஞ்சது நல்ல வேலை இல்லைதான், ஆனால் திருப்பி எடுக்கக்கூடிய வேலை. அவர் பெயின்ட்டுக்குப் பதிலா எமரி சக்கரத்துல கொடுத்துப் பளபளன்னு பாலிஷ் போட்டிருந்தா? எண் தேஞ்சிருக்கும். பயிற்சிக்குச் சுட்டு, ஸ்லைடு விரிசல் விட்டு, வேற ஸ்லைடு மாட்டியிருந்தா? எண்ணும் பாகமும் பொருந்தாம போயிருக்கும். ஒரு நாட்டோட நினைவு, ஆயுதக் கிடங்குப் பதிவேட்டுல "பழுது, கழிக்கப்பட்டது" என்ற வரியோட முடிஞ்சிருக்கும்.

சரயேவோ பிஸ்டலுக்கும் இதே கதைதான். இளவரசருக்கு இறுதிச் சடங்கு செய்த பாதிரியார் மூலமாக அது இயேசு சபைத் துறவிகளிடம் போய், பல பத்தாண்டுகள் அவர்களிடமே இருந்து, 2004-ல்தான் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதையும் அடையாளம் காட்டியது எண்தான்.

தேர்ச் சோதனை

"பயன்படுத்தாத பொருள் செத்த பொருள்" என்ற வாதத்தை நான் தள்ளிவிடலை. ஆடித்தபசு பார்த்து வளர்ந்தவன் எப்படித் தள்ள முடியும்? தேர் ஓடணும். ஓடாம நிறுத்தி வெச்ச தேரைக் கரையான் தின்னும். சக்கரம் உளுத்துப் போனா மாத்துவாங்க, அச்சு மாத்துவாங்க. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால அது ஆழித்தேர் இல்லைன்னு யாராவது சொல்வாங்களா? தேரோட உயிர் அதன் ஓட்டத்துல இருக்கு. பாகம் மாறலாம்.

இப்போ மதுரை காந்தி அருங்காட்சியகத்துக்கு வாங்க. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கு. அதைத் துவைச்சு வெச்சா சுத்தமாத்தான் இருக்கும். ஆனால் துவைச்ச பிறகு அது ஒரு சாதாரணக் கதர்த்துணி. அதோட உயிர் கறையில இருக்கு.

ஆக, உங்க கையில இருக்கிற பழைய பொருள்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதை மாத்தினா இது இதுவா இல்லாம போயிடும்? பதில் "ஒண்ணும் இல்லை, ஓடினா போதும்" என்றால் அது தேர். தாத்தாவோட புல்லட் பைக், ஆச்சியோட தையல் மெஷின் எல்லாம் இந்த ரகம். தாராளமா ஓட்டுங்க. பதில் "இந்த எண், இந்த மேற்பூச்சு, இந்தத் தேய்மானம்" என்றால் அது துணி. தொடாதீங்க. போர்க்கால பிஸ்டல் பெரும்பாலும் ரெண்டாவது ரகம். ஏன்னு பார்க்க மெட்டலர்ஜிக்குள்ள கொஞ்சம் போகணும்.

சுட்டா உள்ளே என்ன நடக்கும்?

எஃகுக்கு வெறும் வயசால பலம் குறையாது. 80 வருஷம் சும்மா இருந்த ஸ்லைடு, 80 வருஷம் ஆனதால மட்டும் உடையாது. பிரச்சினை வேற மூணு இடத்துல இருக்கு.

முதல்ல ஃபெட்டீக். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால அடிச்சு முன்னால திரும்பும். ஒவ்வொரு அடியும் கூரான மூலைகளில் அழுத்தத்தைக் குவிக்கும். சேதம் கூடிக்கிட்டே போகும், வெளியே தெரியாது. நம்ம பரீட்சைக் கணக்குல மொத்தச் சுழற்சி எண்ணிக்கை கொடுத்திருப்பாங்க. பழைய பிஸ்டலுக்கு அந்த எண்ணை யாரும் கொடுக்க மாட்டாங்க. அது 200 ரவுண்டு சுட்டதா 20,000 சுட்டதான்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரீகாய்ல் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா நிலைமை இன்னும் மோசம். ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை ஃபிரேம் வாங்கும்.

ரெண்டாவது துருக்குழி. இரண்டாம் உலகப்போர் காலத் தோட்டாக்களின் பிரைமரில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிஞ்சா மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம்ம சமையல் உப்போட சொந்தக்காரன். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து பேரலுக்குள்ள துருவை உண்டாக்கும். இந்த உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். அதனாலதான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பேரல்ல வெந்நீர் ஊத்திக் கழுவிட்டு, காய வெச்சு, பிறகு எண்ணெய் போட்டாங்க. கழுவாம விட்ட பேரல்ல குழி விழுந்திருக்கும். ஒவ்வொரு குழியும் விரிசல் தொடங்க ஒரு இடம்.

மூணாவது போர்க்கால அவசரம். 1944, 45-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆளும் இல்லை, நேரமும் இல்லை, நல்ல உலோகமும் இல்லை. கடைசிக் காலத் துப்பாக்கிகளில் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். சிலதுல டிசைனே ஆபத்து. ஜப்பானின் டைப் 94 பிஸ்டலில் குண்டை விடுவிக்கிற கம்பி இடது பக்கம் வெளியே தெரியும்படி இருக்கும். டிரிகரைத் தொடாம அந்தக் கம்பியை அழுத்தினாலே வெடிக்கலாம். பர்மா போர்முனையில் இந்த வகை நிறைய இருந்தது.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. பேரலுக்குள்ள இருக்கிற நுண்ணிய கீறல்கள் குண்டு மேல பதியும். தடயவியல்காரங்க எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததுன்னு சொல்றது அதை வெச்சுத்தான். சுடச் சுட அந்தக் கீறல்கள் மாறும். வரலாற்றுச் சம்பவத்துல இருந்த துப்பாக்கியைச் "சும்மா ஒரு ரவுண்டு" சுடுறது, ஒரு கையெழுத்து மேல பேனாவால திரும்ப எழுதுற மாதிரி.

வெப்ளிக்கு நடந்தது

சுடணும்னு ஆசைப்பட்டா என்ன ஆகும்னு ஒரு உண்மை உதாரணம். வெப்ளி மார்க் 6 ரிவால்வர் 1915-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது, .455 தோட்டா போடுவது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிறைய வெப்ளிகள் மலிவு விலையில் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே .455 தோட்டா சுலபமா கிடைக்காது, .45 தானியங்கித் தோட்டா பெட்டிக்கடை வரைக்கும் கிடைக்கும். வியாபாரிகள் என்ன செஞ்சாங்க? சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைஞ்சு, .45 பொருந்தும்படி ஆக்கி வித்தாங்க.

தோட்டா பொருந்தியது, அழுத்தம் பொருந்தலை. .45 தோட்டாவின் அழுத்தம் வெப்ளி சிலிண்டரின் வடிவமைப்பு அழுத்தத்தைவிட ரொம்ப அதிகம். சிலிண்டர்கள் விரிசல் விட்டன. விரிசல் விடாததுக்கும் மதிப்பு போச்சு, ஏன்னா கடைஞ்ச உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னைக்குக் கடையப்படாத வெப்ளிக்குத்தான் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறாங்க.

நம்ம ஊர்லயும் இதே தப்பு வேற வடிவத்துல நடந்தது. கோயில் சுவரைச் சுத்தம் பண்றோம்னு மணலை வேகமா பீய்ச்சி அடிச்சாங்க. கல்லு பளிச்சுன்னு ஆச்சு, கல்வெட்டு எழுத்து தேஞ்சு போச்சு. பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. பழைய பிஸ்டலைப் புதுசா நீலப்பூச்சு கொடுத்து மின்ன வைக்கிறதும் இந்த வகைதான்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்க வீடியோ பார்த்துட்டு இங்கே முடிவெடுக்கக் கூடாது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம்தான் முதல் பதில்.

போர்க்கால பிஸ்டல்களில் நிறைய வகை 9 மி.மீ., .38, .455. இவை தடை செய்யப்பட்ட போர் அளவுகள். சாதாரண லைசென்ஸில் வைக்கவே முடியாது, சுடுறதைப் பத்திப் பேச்சே இல்லை. அனுமதியில்லாம தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. .32 அளவு லைசென்ஸில் வரும்.

அதே 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கணும். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இது நிறைய வீடுகளுக்குத் தெரியாது. தாத்தா இருக்கும்போதே பேசி முடிச்சா பல அலைச்சல் மிச்சம்.

லைசென்ஸ் இல்லாம ஒரு பிஸ்டல் பெட்டியிலிருந்து கிளம்பினா? டிரிகரைத் தொடாதீங்க, உள்ளே தோட்டா இருக்குன்னே வெச்சுக்கோங்க. அதைப் பையில போட்டு பஸ் ஏறாதீங்க. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. வக்கீலிடம் பேசி, போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுத்துல தகவல் கொடுங்க. வைத்திருக்க உரிமை இல்லாத ஆயுதத்தைத் தாமதிக்காம ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கணும்னு 21-வது பிரிவு சொல்லுது.

45-வது பிரிவில் ஒரு விலக்கும் இருக்கு. பழமை மதிப்புள்ள அல்லது வழக்கொழிந்த ஆயுதம், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால், இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. இதைக் கேள்விப்பட்டு சிலர் "அப்ப பேரல்ல ஓட்டை போட்டுட்டா பிரச்சினை தீர்ந்தது" என்று கிளம்புவாங்க. லேத் பட்டறைக்கு நீங்களா கொண்டு போறது தனிக் குற்றமாகும். அதோட, ஓட்டை போட்டா போட்டதுதான். ஒரு அருங்காட்சியகம் அப்படியே வாங்கிக்கொள்ளக்கூடிய பொருளை நீங்களே கெடுத்துடுவீங்க.

இன்னொரு ஓட்டை சட்டத்துலேயே இருக்கு. 1972 தொல்பொருள் சட்டப்படி பொதுவாக 100 ஆண்டு ஆனால்தான் ஒரு பொருள் தொல்பொருள். வாஞ்சி காலத்து பிஸ்டல் அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சு. 1942-ல் செய்தது 2042 வரை காத்திருக்கணும். அதுவரைக்கும் அதைக் காப்பாத்துறது சட்டம் இல்லை, அதை வெச்சிருக்கிற குடும்பம்தான்.

வைக்கிறதுன்னா எப்படி வைக்கிறது?

"பாதுகாக்கிறேன்" என்று துணியில சுத்திப் பெட்டியில போட்டு மறந்துடுறது பாதுகாப்பு இல்லை. லைசென்ஸ் உள்ளவங்களுக்குச் சில விஷயம்:

தோல் உறைக்குள்ள வைக்காதீங்க. பார்க்க அழகா இருக்கும். தோல் ஈரத்தைப் பிடிக்கும், பதனிட்ட ரசாயனம் எஃகை அரிக்கும். உறையைத் தனியா வைங்க, அதுவும் வரலாறுதான்.

வெறுங்கையால் தொட்டா வியர்வை உப்பு ஒட்டும். பருத்தி கையுறை போடுங்க, வெச்ச பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்க. உப்புத்தாள், எமரி, புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்றதை பிஸ்டலுக்குச் செய்யக் கூடாது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு தடவை திறந்து பாருங்க.

தேர்தல் நேரத்துல துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வாங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் போட்டு, எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரமா வைங்க.

காகிதத்தைத் தூக்கிப் போடாதீங்க. பழைய லைசென்ஸ் புத்தகம், பட்டாளத்து டிஸ்சார்ஜ் சான்று, வாங்கின பில், யூனிஃபார்ம் போட்ட போட்டோ எல்லாத்தையும் ஒரே கவர்ல போடுங்க. 168896 என்ற எண்ணுக்கு அர்த்தம் கொடுத்தது ஒரு காகிதம்தான். காகிதம் இல்லாத எண் வெறும் எண்.

அப்போ சுடவே கூடாதா?

சில பிஸ்டலைச் சுடலாம். லைசென்ஸில் வரும் அளவு. எண்கள் ஏற்கெனவே பொருந்தாதது, யாரோ முன்னாடியே பாலிஷ் போட்டது. அதோட எந்தக் குறிப்பிட்ட சம்பவமோ ஆளோ சேராதது. லைசென்ஸ் உள்ள ஆயுதப் பழுதுபார்ப்பாளர் பிரிச்சுப் பார்த்து, விரிசல் இல்லைன்னு சொன்னது. இது எல்லாம் சேர்ந்தா அது தேர் ரகம். ரீகாய்ல் ஸ்பிரிங்கைப் புதுசா மாத்தி, பழையதைப் பேர் எழுதித் தனியா வெச்சு, புதுத் தோட்டாவால் அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்சில் சுடுங்க. முடிஞ்சதும் பேரலைச் சுத்தம் செய்யுங்க.

இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வைக்கிற பக்கம்தான் சரி. காரணம் எளிமையானது. இன்னைக்குச் சுடாத பிஸ்டலை நாளைக்கு உங்க பேரன் சுடலாமான்னு யோசிக்க முடியும். இன்னைக்கு விரிசல் விட்ட பிஸ்டலைப் பத்தி யோசிக்க அவனுக்கு ஒண்ணும் இருக்காது. திருப்ப முடிஞ்ச முடிவு, திருப்ப முடியாத முடிவு, ரெண்டும் எதிரெதிர்ல நின்னா நம்ம படிப்பு எதை எடுக்கச் சொல்லும்னு உங்களுக்கே தெரியும்.

இந்த லீவுல ஊருக்குப் போறப்ப பரண்ல பிஸ்டல் தேட வேண்டாம். பட்டாளத்துக்குப் போன பெரியவங்க யாராவது குடும்பத்துல இருந்தா, அவங்க காகிதங்கள் எங்கே இருக்குன்னு மட்டும் கேட்டு வைங்க. கரையான் அதைத்தான் முதல்ல தின்னும்.